வாயிலிற் கழற்றும் சப்பாத்து

பிறர் இல்லம் புகுவோர் சப்பாத்தைக் கழற்றுதல் அற்ப விடயமென்பார் பலர். பர்மாவின் சரித்திரமோ வேறு கூறும்.

மண்டலை அரசவைக்குச் செல்லும் ஆங்கிலப் பிரதிநிதி, சப்பாத்தை நீக்கித் தரையில் அமர்வதே வழக்கம். 1875ஆம் ஆண்டு போர்சைத் என்பாரின் தூதுக்குப் பின், இனி அவ்வாறு செய்தலாகாதென இந்திய அரசாங்கம் விதித்தது. மிண்டொன் மன்னரும் இணங்கினாரல்லர். நேரிற் கண்டு பேசும் வழி அடைபட்டது. 1885இல் மூண்ட யுத்தத்துக்குத் தேக்குமர வியாபாரப் பிணக்கு முதலிய காரணங்கள் பலவுள. எனினும், பேசித் தீர்க்கும் வாயில் முன்னரே மூடப்பட்டிருந்தது.

அரசு போயிற்று, ஆலயங்கள் எஞ்சின. அவற்றிலும் ஐரோப்பியர் சப்பாத்துடன் நடந்தனர். கொழும்பில் 1898இல் எழுந்த சங்கம் போன்று, இரங்கூனில் 1906இல் தோன்றிய பௌத்த வாலிபர் சங்கம் இதனை எதிர்த்தது. 1919இல் லெடி சயாடோ என்னும் பெருந்துறவி கண்டன நூல் எழுதினார். அவ்வாண்டே மண்டலையில் துறவியர் சிலர் ஐரோப்பியரைத் தாக்கினர். அவர்தம் தலைவர் ஆயுட்சிறை பெற்றார். அத்தாக்குதலை யாம் போற்றோம். முடிவில், அவ்வவ் ஆலயத் தலைவரே தீர்மானிக்கலாமென அரசாங்கம் இசைந்தது.

யான் பயின்ற மிஷன் பாடசாலையிற் சப்பாத்தணிதல் ஒழுக்கம். வீட்டு விறாந்தையில் அதனைக் கழற்றுதல் ஒழுக்கம். இவை முரணல்ல. வாயிலின் விதியை வகுப்பவர் இல்லத்தாரே. ஆயின், வேலைக்கு வரும் தொழிலாளியின் காலுக்கு ஊறு நேருமெனின், சப்பாத்தின்மேற் பழந்துணி சுற்ற இடமளித்தலும் அவ்வில்லத்தார் கடனன்றோ!