சிறைச் சாவி யாருடையது?

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டம் முழுக்க முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. விசா கொடுப்பதும் நாடு கடத்துவதும் வாஷிங்டனின் வேலை. குப்பை வண்டிக்கும் பூங்காவுக்கும் பொறுப்பான நகர மன்றம் இதில் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கு நகர மன்றத்துக்குப் புதிதாக வந்ததல்ல. அதற்கு நூற்றெண்பது வயதுக்கு மேலாகிறது.

1842 அக்டோபரில் ஜார்ஜ் லாட்டிமர் என்ற அடிமை, கர்ப்பிணி மனைவி ரெபெக்காவோடு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்தார். எஜமானர் ஜேம்ஸ் கிரே துரத்திக்கொண்டு வந்து பிடித்தார். 'இவன் என் அடிமை' என்று நிரூபிக்கும் தாள்கள் வர்ஜீனியாவிலிருந்து வர வேண்டும். அதுவரை ஆளை எங்கே அடைப்பது? லெவரெட் தெருச் சிறை கைகொடுத்தது. அது மத்திய அரசின் சிறையல்ல, உள்ளூர்ச் சிறை. ஊர் கொதித்ததும் அதற்காகத்தான். அடிமை முறை தவறென்று ஏற்கெனவே சொல்லிவந்தவர்களோடு, 'நம் வரிப்பணத்தில் ஓடும் சிறையில் வர்ஜீனியாக்காரனின் சொத்தை ஏன் காவல் காக்க வேண்டும்?' என்று கேட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லாட்டிமருக்காகவே ஒரு பத்திரிகை கிளம்பியது. நெருக்கடி தாங்காமல், சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் கைவிரித்தார். சிறை கைநழுவியதும் கிரே 400 டாலருக்கு இறங்கி வந்து லாட்டிமரை விட்டுக்கொடுத்தார்.

அதோடு விட்டார்களா? 60,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனது. தப்பிய அடிமையைப் பிடிக்க மாநில அதிகாரி உதவக் கூடாது, மாநிலச் சிறைகளில் அடைக்கக் கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது. அதற்கு வழிவிட்டது உச்ச நீதிமன்றமே. பென்சில்வேனியாவிலிருந்து வந்த பிரிக் வழக்கில் 1842 மார்ச்சில் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜோசப் ஸ்டோரி, அடிமையைத் திருப்பி அனுப்புவதை மாநிலங்கள் தடுக்கக் கூடாது என்றார். கூடவே, அந்த வேலையைத் தங்கள் அதிகாரிகள் செய்யாமலிருக்க மாநிலங்கள் உத்தரவிடலாம் என்பதற்கும் இடம் விட்டார். குறுக்கே நிற்காதே, ஆனால் கைகொடுக்கவும் வேண்டாம். இன்றைய வாதம் மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

கைகொடுக்காமலிருப்பதால் எவ்வளவுதான் சாதிக்க முடியும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1850-இல் மத்திய அரசு புதுச் சட்டம் போட்டுத் தன் சொந்தக் கமிஷனர்களை நியமித்தது. பிடிபட்டவர் அடிமைதான் என்று முடிவு செய்தால் கமிஷனருக்குக் கூலி 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். 1854-இல் தப்பிவந்த அடிமை ஆன்டனி பர்ன்ஸை அதே பாஸ்டன் தெருக்கள் வழியாகப் படை சூழக் கப்பலுக்கு நடத்திச் சென்றார்கள். ஊரே திரண்டு பார்த்தது, நிறுத்த முடியவில்லை.

'கைகொடுக்க மாட்டோம்' என்ற இந்தத் தர்க்கம் பிறகு யார் யார் கைக்கோ போனது. 1971-இல் கோரல் சீ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வியட்நாம் போருக்குப் போக மறுக்கும் மாலுமிகளுக்காக பெர்க்லி நகர மன்றம் தீர்மானம் போட்டது. அவர்களைப் பிடிக்க நகர ஊழியர் உதவக் கூடாது என்றது. 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ், குடியுரிமை நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே யாரையும் விசாரிக்காதீர்கள் என்று தம் ஆட்களுக்கு ஆணையிட்டார். கேட்ஸ் இளகிய மனசுக்காரர் என்று அவருடைய நண்பர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். புகார் கொடுக்கவும் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டுமே என்ற போலீஸ் கணக்குதான். எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளை முன்னிட்டு 1985-இல் தீர்மானம் போட்ட சான் பிரான்சிஸ்கோ, 1989-இல் அதைச் சட்டமாக்கியது. 1997-இல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க மாட்டேன் என்று மத்திய அரசோடு மல்லுக்கட்டிய மொன்டானா ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். மத்திய அரசு தன் வேலைக்கு உள்ளூர் அதிகாரிகளை ஏவ முடியாது என்று சொன்ன, துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய அந்தத் தீர்ப்பைத்தான் இன்று குடியேறிகளின் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இன்றைக்கும் சண்டை சிறை வாசலில்தான். கவுன்டி சிறையில் எடுக்கும் கைரேகை மத்திய அரசுக்குத் தானாகவே போய்விடும். நாடு கடத்த வேண்டியவர் என்று பட்டால் குடியேற்ற அமலாக்கத் துறையிலிருந்து தாள் வரும்: 'விடுதலை நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வைத்திருங்கள், வந்து அழைத்துப்போகிறோம்.' வைப்பதா, விடுவதா? கலிஃபோர்னியா 2017-இல் இப்படிப் பிடித்துவைக்கத் தடை போட்டது. அதே ஆண்டு டெக்சஸ், வைக்காத ஷெரிஃப் பதவியிழப்பார் என்றது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது இதைப் பேசாத நாளில்லை. "நாம கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறோம். எல்லை தாண்டி வந்தவனுக்கு ஊர் குடை பிடிக்குதா?" என்பார் ஒருவர். "வேலை போச்சுன்னா விசாவுக்கு அறுபது நாள்தான். அப்புறம் நம்ம நிலைமை என்னங்க?" என்பார் ஓர் அம்மா. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஊர் குடை பிடிக்கவில்லை. பர்ன்ஸுக்கு நடந்தது இன்றும் நடக்கும். மத்திய அதிகாரிகள் தங்கள் வண்டியில் வந்து, வீட்டு வாசலிலோ வேலையிடத்திலோ ஆளைப் பிடிக்கலாம். சிறையிலேயே ஒப்படைத்தால் இந்தத் தெருச் சோதனை குறையுமே என்று எதிர்த்தரப்பு சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஷெரிஃபுக்கு இரண்டு பக்கமும் இடி. 2015 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் கடற்பாலத்தில் ஓர் இளம்பெண் குண்டுபட்டு இறந்தார். சுட்டதாகப் பிடிபட்டவர், குடியேற்றத் துறை கேட்டும் சில மாதங்களுக்கு முன் உள்ளூர்ச் சிறையிலிருந்து விடப்பட்டவர். கொலைக் குற்றத்திலிருந்து நடுவர் குழு பின்னர் அவரை விடுவித்தது, ஷெரிஃப் மீது விழுந்த பழி போகவில்லை. 2014-இல் ஆரெகனில், அந்தத் தாளை மட்டும் நம்பி ஒரு பெண்ணைப் பிடித்துவைத்த கிளாக்கமஸ் கவுன்டி அரசியல் சாசனத்தை மீறியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விட்டால் பழி, வைத்தால் வழக்கு. சிறைச் சாவியை வைத்திருக்கும் ஷெரிஃப், கலிஃபோர்னியாவில் தேர்தலில் நின்று வருபவர். குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் வாக்குச்சீட்டில் ஜனாதிபதிக்குக் கட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே வரும் உள்ளூர்ப் பதவிகளை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் நாம் போடும் சண்டைக்குப் பதில் இருப்பது அந்த வெற்றுக் கட்டங்களில்தான்.