போலீஸிலிருந்து ரைஸ் மில்லுக்கு

டேவிட் ஆர்னால்ட் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியரின் முதல் நூல் தமிழ்நாட்டுக் காங்கிரஸைப் பற்றியது, 1977இல் வந்தது. 1986இல் சென்னை மாகாணப் போலீஸ். நடுவில் தாது வருஷப் பஞ்சம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை, பிறகு காலரா, அம்மை, பிளேக். வார்விக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர் 2013இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்ட சரக்கோ டைப்ரைட்டர், தையல் மிஷின், சைக்கிள், ரைஸ் மில்!

பெரிய விஷயங்களை விட்டுச் சில்லறைச் சாமான்களுக்கு வந்துவிட்டார் என்று தோன்றலாம். அப்படியில்லை. வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவோடு சேர்ந்து அடித்தட்டு மக்களின் வரலாற்றை எழுதக் கிளம்பிய குழுவில் இவரும் ஒருவர். இந்தியாவில் தொழில்நுட்பம் என்றாலே அதுவரை ரயில், தந்தி, அணைக்கட்டு என்று சர்க்கார் கொண்டுவந்தவற்றைத்தான் பேசினார்கள். சைக்கிளை எந்தக் கலெக்டரும் உத்தரவு போட்டு ஊருக்குள் விடவில்லை. ஜனங்களே வாங்கினார்கள், வாடகைக்கு எடுத்தார்கள், இரவல் கேட்டார்கள். ஆர்னால்டைப் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்.

டைப்ரைட்டரையே பார்ப்போம். ரெமிங்டன் கம்பெனி அதை 1874இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஒரு தலைமுறைக்குள் தட்டச்சு பெண்கள் வேலையாகிவிட்டது. இங்கே ஆபீஸ் மேஜை வெகுகாலம் ஆண்களிடமே இருந்தது. ஆரம்பத்தில் வேலைக்கு வந்த பெண்களில் ஆங்கிலோ இந்தியர், பார்சி, கிறிஸ்தவர்களே அதிகம். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணப் பையன்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். வேலை லேசானதல்ல. நடுநடுவே கார்பன் தாள் செருகி அடிக்கும்போது கடைசிப் பிரதியிலும் எழுத்து விழ வேண்டுமென்றால் விரலில் பலம் வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் எல்லாப் பிரதியிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

அந்த இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. 247 எழுத்தை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடக்க வேண்டும். சில விசைகளை அழுத்தினால் உருளை நகராதபடி செய்தார். மேலே புள்ளி விழும், அதன் அடியிலேயே எழுத்து வந்து உட்காரும். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபிறகு அரசு அலுவலகங்களில் தமிழ் டைப்பிஸ்டுக்குக் கிராக்கி ஏறியது. டைப்பிஸ்ட் வேலைக்குத் தமிழக அரசு இன்றும் லோயர், ஹையர் சான்றிதழ் கேட்கிறது.

சிங்கர் தையல் மிஷின் தவணை முறையில் வந்தது. இயந்திரமென்றால் முகம் சுளித்த காந்தியே அதற்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் அவரை இது குறித்துத் துருவிக் கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

நான்கில் கனமான கதை ரைஸ் மில்லுடையதுதான். மற்ற மூன்றும் புதிதாகப் பிழைப்புக் கொடுத்தன. இது இருந்த பிழைப்பைப் பறித்தது. கூலிக்கு நெல் குத்திய பெண்களுக்கு மில் வந்ததும் வேலை போயிற்று. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியதில் பாதி இந்தப் பெண்களுக்காக, பாதி சத்துக்காக. தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட வடசர்க்கார் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியது. குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் அதை ஆராய்ந்தார். தமிழ் மாவட்டங்களிலும் மில்கள் ஓடின, ஆனால் நோய் அவ்வளவாக அண்டவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும், பெரிபெரியைத் தடுக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் எவ்வளவு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி மிஞ்சும். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தது இப்படித்தான்.