நூத்தியெட்டு

திண்டிவனம் பைபாஸில் பைக் சறுக்கி ஒருவர் விழுந்தால், கூடும் கூட்டத்தில் முதலில் எழும் குரல் ‘நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கப்பா!’ என்பதுதான். எழுத்தில் நூற்றெட்டு, வாயில் நூத்தியெட்டு.

2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச ஆம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி எண் இது. பிறகு வண்டிக்கே பெயராகி, வேற்றுமை உருபும் ஏற்றது: ‘நூத்தியெட்டுல ஏத்தி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க.’ ‘ரெண்டு நூத்தியெட்டு வந்துச்சு’ என்றால் யாரும் இருநூற்றுப் பதினாறு என்று கணக்குப் போடுவதில்லை.

சொல் நமக்குப் புதிதல்ல. பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய். வேலைக்கு வராதவனுக்கு நூத்தியெட்டுச் சாக்கு. தேங்காய் எண்ணி நூத்தியெட்டு; சாக்கில் ‘ஏகப்பட்டது’ என்று பொருள். இங்கேயோ ஒன்று வந்தால் போதும், சீக்கிரம் வந்தால் போதும்.

அந்த வண்டியின் பழைய பெயரான ஆம்புலன்ஸின் வேர் ‘நட’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினை. படையோடு இடம்பெயர்ந்த மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடமாடும் மருத்துவமனை’ என்றார்கள். அதிலிருந்து வண்டிக்குப் பெயர் வந்தது. இத்தாலியில் அது ‘அம்புலான்ஸா’. அங்கும் அவசரத்தில் ‘கியாமா இல் சென்தோதிச்சோத்தோ’ என்பார்கள். நூத்திப் பதினெட்டைக் கூப்பிடு என்று அர்த்தம். மருத்துவ உதவிக்கு அவர்கள் எண் 118.