குணாளனும் ஆசியக் கழகக் கிண்ணமும்

பாடாங் மேஹா திடலில் மாலைதோறும் பந்து உதைக்கும் மாணவர்க்கு எஸ்.குணாளனைப் பற்றிச் சொல்வதுண்டு. 2010இல் கே.ராஜகோபாலின் பயிற்சியில் தென்கிழக்காசிய வாகை சூடிய மலேசிய அணியிலும் இருந்தவர் அவர். பின்னர் ஜொகூர் டாருல் தக்சிம் கழகத்தில் சேர்ந்தார். 2015இல் ஏ.எப்.சி. கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் கழகம் அதுவே.

பெற்றோர்களே, ஒன்றை மறைத்தல் வரலாறாகாது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காட்சியாவிடம் ஜொகூர் 1-3 எனத் தோற்றிருந்தது. குவைத் காற்பந்துச் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டதால் இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. ஜொகூர் இறுதிக்குச் சென்றது. இதனைச் சுட்டி அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர்க்கு நான் உடன்படேன். அக்டோபர் 31ஆம் நாள் இறுதியாட்டம் நடந்தது தாஜிகிஸ்தான் தலைநகர் துசான்பேயில். எதிரணியோ அவ்வூர் இஸ்திக்லோல். வெலாஸ்குவெஸ் அடித்த ஒரே கோலில் கிண்ணம் ஜொகூர் வந்தது.