ஒளிப்படச்சுருள் விரைவு பெற்ற வரலாறு

மங்கிய விளக்கொளியில் நிகழ்வதைக் கணப்பொழுதிற் படம்பிடித்தல் இன்று எளிதாயிருப்பினும், அவ்வாற்றலை எய்துதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. இவ்விரைவு யாங்கிருந்து வந்தது? படம்பிடித்த பின்னர் உருத்துலக்கும் நீர்மத்தினின்றோ? அன்றி, அதற்கு முன்னரே படச்சுருளின் ஆக்கத்தினின்றோ? இவ்வினாவை முன்வைத்துக் கறுப்புவெள்ளைப் படச்சுருளின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1839ஆம் ஆண்டில் தாகேர் வெளியிட்ட முறையில் ஒரு படத்துக்குப் பல நிமிட ஒளி வேண்டியிருந்தது. 1851இல் ஆங்கிலேயரான பிறெடெறிக் ஸ்கொட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட, அக்காலம் சில விநாடிகளாகக் குறைந்தது. ஆயினும், தட்டின் ஈரம் உலருமுன் படம்பிடித்து உடனே உருத்துலக்கல் வேண்டும். ஆதலிற் படம்பிடிப்போர் செல்லுமிடமெங்கும் இருட்டறையையுங் கொண்டு செல்ல நேர்ந்தது. கொலோடியனினின்று எழும் ஈதர் ஆவி, றிச்சாட் லீச் மடொக்ஸ் என்னும் மருத்துவரின் உடல்நலத்துக்கு ஒவ்வாதாயிற்று. மாற்றுவழி தேடிய அவர், வெள்ளிப் புரோமைட்டை ஜெலற்றினிற் கலந்து தட்டிற் பூசும் முறையை 1871இல் வெளியிட்டார். அத்தட்டு முதலில் மந்தமானதே. 1878இல் சாள்ஸ் பெனற் என்பார், அக்கலவையை ஏறக்குறைய 32 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏழு நாள் வரை வைத்திருப்பின் அதன் ஒளியுணர்ச்சி பெரிதும் மிகுமெனக் காட்டினார். அதன்பின் உலர்தட்டே மேலோங்கியது.

ஜெலற்றின் வெறும் பசையன்று என்பதும் விரைவிற் புலனாயிற்று. 1882இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் தட்டுகள் திடீரெனப் பழுதாயின. ஜெலற்றினே அதற்குக் காரணமெனத் தெரிந்தது. அதன் மறைபொருளை 1925இல் கொடாக் ஆய்வுகூடத்துச் சாமுவேல் ஷெப்பேட் விளக்கினார். கடுகினச் செடிகளிற் காணப்படுவது போன்ற கந்தகச் சேர்வை ஜெலற்றினில் நுண்ணளவாகக் கலந்திருந்து, வெள்ளியுப்புப் பளிங்குகளின்மீது வெள்ளிச் சல்பைட்டுப் புள்ளிகளை ஆக்குகின்றது. அவையே ஒளியுணர்ச்சியை மிகுவிக்கின்றன. 1936இல் ஜேர்மனியில் அக்ஃபா நிறுவனத்துக் கொஸ்லொவ்ஸ்கி, பொன்னுப்பினைச் சிறிதளவு சேர்த்து விரைவை மேலும் பெருக்கினார். அம்முறை சில ஆண்டுகள் இரகசியமாகவே காக்கப்பட்டது.

1954இல் 35 மி.மீ. அளவில் வெளிவந்த ட்றை-எக்ஸ் படச்சுருளின் விரைவெண் 200 ஆக இருந்தது. 1960இல் அது 400 ஆயிற்று. இம்மாற்றத்துக்குக் காரணம் படச்சுருளன்று; அமெரிக்க அளவைமுறையிற் பாதுகாப்பின் பொருட்டுச் சேர்த்திருந்த மிகையொளி அளவு குறைக்கப்பட்டமையேயாம். எண் உயர்ந்தவிடத்துப் பொருளும் உயர்ந்ததென்று கொள்ளுதல் வரலாற்று மாணவனுக்கு ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இனி, உருத்துலக்கலின் பங்கினைக் காண்பாம். ஒளி பட்ட பளிங்கில் ஒருசில வெள்ளியணுக்களே தோன்றுகின்றன. உருத்துலக்கி அப்பளிங்கு முழுவதையும் வெள்ளியாக மாற்றி, ஒளியின் செயலைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்குகின்றது. ஒளி போதிய அளவு படாத பளிங்கினை அது அங்ஙனம் மாற்றுவதில்லை. ஒளியின் அளவுக்கும் படத்தின் கருமைக்குமுள்ள தொடர்பை ஹேட்டர், டிறிஃபீல்ட் என்னும் இருவரும் 1890இல் வரைகோட்டால் நிறுவினர். உருத்துலக்குங் காலத்தை நீட்டின் வெளிச்சப்பகுதிகள் மிகக் கருமையுறும். வேறுபாடும் மணித்தன்மையும் மிகும். நிழற்பகுதியோ பெரும்பாலும் வெறுமையாகவே நிற்கும். 1988இல் வெளிவந்த கொடாக் பி3200 படச்சுருளின் உண்மை விரைவு 800 முதல் 1000 வரையிலேயே அமையும். எஞ்சியது நீடித்த உருத்துலக்கலால் ஈட்டப்படுவது. அதற்கு விலையாகக் கொடுக்கப்படுவது நிழலின் நுணுக்கம்.

ஆகவே, மெய்யான விரைவு படச்சுருளின் ஆக்கத்திலேயே பிறந்தது என்பது தெளிவு. நோயுற்ற மருத்துவரும், பொறுமையுடன் காத்திருந்தோரும், பழுதின் காரணத்தை நாடியோரும் சிறிது சிறிதாக அதனை ஈட்டித் தந்தனர். உருத்துலக்கி உள்ளதை வெளிக்கொணரும். ஒளி பதியாத ஒன்றை அது படைக்கமாட்டாது. இவ்வுண்மையை உணர்ந்தோர் இருட்டறையில் வருந்துவதினும், படம்பிடிக்கும் பொழுதே நிழலுக்கு வேண்டிய ஒளியை அளந்து கொடுப்பர்.