கறைப் பல்லின் கதை

கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்கள் பலவற்றில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துப் பழகியவர்கள் உண்டு. முன்பல்லின் குறுக்கே பழுப்புக் கோடு. அதையொட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு. வேப்பங்குச்சிக்கும் போகாது, பற்பசைக்கும் போகாது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது பல் விளக்காத வாய். கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் பல்லே பெரிய கவலையாகிவிடும்.

கோளாறு வாயில் இல்லை, தண்ணீரில் இருந்தது.

இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது கடும்பாறை. அதன் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறும். அதைவிட அதிகமான அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பே இறுகும். திறந்த கிணறுகள் வற்றி போர்வெல்கள் ஆழமானபோது பல ஊர்களில் நிலைமை மோசமானது. சம்மணம் போட்டு உட்கார முடியாது, கழுத்து திரும்பாது, முதுகு நிமிராது. வெளியே காயம் தெரியாத வலி என்பதால், பார்ப்பவர்கள் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுவது எளிது.

உலகம் இதைப் புரிந்துகொண்டதே மெதுவாகத்தான். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901-இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, ஊருக்கே பழகிப்போன பழுப்புக் கறையைக் கண்டு காரணம் தேடினார். குடிநீர்மேல் சந்தேகம் வந்தது. ஃபுளோரைடுதான் என்று உறுதியாக 1931 ஆனது. 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் உடல் முடங்கியவர்களை ஆராய்ந்த ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், எலும்பு நோயையும் ஃபுளோரைடோடு சேர்த்து எழுதினார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மெக்கேக்கோ ஷார்ட் குழுவினருக்கோ அந்த நோய் இல்லை. பல்லைப் பார்த்து ஆளை எடைபோடாமல், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அடுத்தவர் வலி புரிவதற்கு அந்த அக்கறை வழிவிட்டது.

தமிழ்நாடு, கர்நாடக எல்லையில் அந்த அக்கறை கொஞ்சகாலம் காணாமல் போனது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி, இந்த வட்டாரத்துக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு வெடித்தது. அங்கே தேர்தல் முடியட்டும் என்று ஏப்ரலில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. காவிரி உரிமைச் சண்டையில் கறைப் பல்லும் வளைந்த முழங்காலும் பின்னுக்குப் போயின. இத்தனைக்கும் கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்திலும் இதே கடும்பாறை, இதே ஃபுளோரைடு, இதே கறை. கன்னடம் பேசும் தாயும் தமிழ் பேசும் தாயும் பிள்ளையின் பல்லைப் பார்த்துப் பட்ட கவலை ஒன்றுதான்.

ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்த திட்டம் 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது.

பிள்ளைப் பருவத்தில், பல் உருவாகும்போதே ஏறிய கறை தானாக மறையாது. குழாய் வறண்டால் குடும்பங்கள் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகும். அதனால் குழாயில் தண்ணீர் ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொள்வது இனி அரசின் கடமை. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல் விளக்கச் சொல்லாமல் இருப்பது நம் கடமை.