பைலாவும் பித்தளைக் குழலும்
எமது கரையில் பாடசாலை வாத்தியக் குழுவின் பாட்டுத் தெரிவு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பழைய மாணவிகள் நாலு பேர் சேர்ந்தால் போதும். புத்தளமானாலும் சரி, லண்டன், டொரொன்டோவானாலும் சரி, பேச்சு எப்படியோ பாண்ட் வாத்தியத்தில் வந்து நிற்கும். இல்ல விளையாட்டுப் போட்டியன்று வெயிலில் நின்றது, வெள்ளைக் கையுறை, தோளை அறுத்த மேளப் பட்டி என்று எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் அநேகமாகக் கேட்பதில்லை. நாங்கள் வாசித்த பாட்டுக்களைத் தெரிவு செய்தவர்கள் எதை வைத்துத் தெரிவு செய்தார்கள்? எதை வேண்டாமென்று விட்டார்கள்? இந்நூற்றாண்டு மலரில் அதைச் சிறிது எழுதிவைக்க விரும்புகிறேன்.

அணிவகுப்பிலிருந்து மேடைக்கு

இலங்கைப் பாடசாலைகளின் மேலைத்தேய வாத்தியக் குழுக்கள் இராணுவ, பொலிஸ் வாத்தியக் குழுக்களின் வழியைப் பின்பற்றி வளர்ந்தவை. ஆகவே தொடக்கத்தில் அவற்றின் கையிருப்பு அணிவகுப்பு மெட்டுக்களும் கீதங்களுமே. நடைக்கு ஏற்ற தாளம் இருந்தால் போதும், வேறு எதுவும் தேவைப்படவில்லை. மேளங்களும் மெலோடிக்காக்களும் மட்டுமே இருந்த சிறிய பாடசாலைகளும் இதே வழியில்தான் நடந்தன.

அதே காலத்தில் கொழும்பில் ஜாஸ் இசையை நேரில் கேட்கும் வாய்ப்பு இருந்தது. டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் அமெரிக்க அரசின் கலைப் பயணங்களில் இலங்கைக்கு வந்தார்கள். எலிங்டன் அப்பயணத்தின் நினைவுகளை வைத்துப் பின்னர் ஒரு முழு இசைத்தொகுப்பையே அமைத்தார்.

அமெரிக்காவில் இவ்விசை அப்போதே கல்விக்கூடத்துக்குள் புகுந்திருந்தது. வட டெக்சாஸ் ஆசிரியர் கல்லூரியில் ஜாஸ் இசைக்கான பட்டப்படிப்பு 1947இலேயே தொடங்கிவிட்டது. எழுபதுகளில் அங்குள்ள பதிப்பகங்கள் பொப், ரொக், ஃபங்க் பாடல்களைப் பாடசாலை ஜாஸ் குழுக்களுக்கென்றே இலகு, நடுத்தரம், கடினம் எனத் தரம் பிரித்து அச்சிட்டன. சிக்காகோ, டவர் ஒஃப் பவர், ஏர்த் விண்ட் அன்ட் ஃபயர் ஆகிய குழுக்கள் ட்ரம்பெட், ட்ரொம்போன், சக்ஸபோன் ஆகியவற்றை முன்னிறுத்திப் பாடியதால் அந்த மாற்றம் இலகுவாயிற்று. ஆசிரியர்களிடையே வழக்கும் எழுந்தது. வானொலிப் பாட்டை வாசித்தால் பிள்ளைகள் ஜாஸின் அசைவைக் கற்கமாட்டார்கள் என்றனர் ஒரு சாரார். தெரிந்த பாட்டு ஒன்றுமே இல்லையென்றால் பிள்ளைகள் குழுவில் சேரவேமாட்டார்கள் என்றனர் மறு சாரார்.

இதே வழக்கு எங்கள் கரையிலும் நடந்தது. இங்கே அதற்குப் பெயர் பைலா.

கடல்வழி வந்த தாளம்

பைலா என்ற சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. அதன் தாளத்தில் போர்த்துக்கீசருக்கு மட்டுமன்றி ஆபிரிக்கருக்கும் பங்குண்டு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் படையணிகள் கலைக்கப்பட்டபின் அவர்களில் ஒரு பகுதியினர் புத்தளப் பகுதியிலேயே தங்கினர். புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

அவர்கள் பாடும் மஞ்சா பாடல்களைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போத்தலைக் கரண்டியால் தட்டுவார்கள். தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றோடொன்று அடிப்பார்கள். றபான் ஒலிக்கும். சிறிய அடிகள் திரும்பத் திரும்ப வரும், மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். பாடல்களின் மொழி போர்த்துக்கீசக் கிரியோல். இன்று வீட்டில் சிங்களம் பேசும் இளையவர்களுக்கு அச்சொற்களின் பொருள் தெரியாது, தாளம் மட்டும் தெரியும்.

இந்தத் தாளத்தோடு உறவுடையது கபிரிஞ்ஞா. ஓர் அளவில் ஆறு எண்ணிக்கை. அவற்றை மூன்று மூன்றாக இருமுறையும் எண்ணலாம், இரண்டு இரண்டாக மும்முறையும் எண்ணலாம். கால் ஒரு கணக்கில் போக, கை இன்னொரு கணக்கில் போகும். நாற்பதுகளில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பெஸ்தியன் இந்தத் தாளத்தில் சிங்களச் சொற்களை அமைத்துப் பைலாவை ஊர்ப் பாட்டாக்கினார். அறுபதுகளின் இறுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு தமிழில் பாடிய ‘சின்ன மாமியே’ வந்தது. பின்னர் ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்தார். இலங்கைத் தமிழ்ப் பொப் இசை பைலாத் தாளத்தின் மடியில் வளர்ந்தது என்றால் மிகையில்லை.

நியூ ஒர்லீன்சில் ஜாஸ் பிறந்ததும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் பிள்ளைகளிடமிருந்தே. ஜாஸும் எங்கள் பைலாவும் ஒரே கண்டத்தை மூத்த தாயாகக் கொண்டவை. இது எனக்குப் படிக்கும் காலத்தில் தெரிந்திருக்கவில்லை.

சொல் இல்லாமல் வாசித்தாலும்

எழுபதுகளின் இறுதியில் நான் குழுவில் சைட் ட்ரம் அடித்தேன். ஒரு வருடம் எங்கள் மாஸ்டர் ‘சுராங்கனி’யைக் கையால் எழுதி எங்களுக்குப் பழக்கினார். விளையாட்டுப் போட்டியன்று நாங்கள் அதை வாசிக்கத் தொடங்கியதும் இல்லக் கொட்டில்கள் நான்கும் சேர்ந்து பாடின. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் விருந்தினர் வரிசையில் ஒருவருக்கு முகம் சுருங்கியது. பெண்பிள்ளைகள் மைதானத்தில் மீன்காரப் பாட்டு வாசிப்பதா என்று கேட்டாராம். அடுத்த வருட நிகழ்ச்சி நிரலில் அந்தப் பாட்டு இல்லை. மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று எனக்குக் கோபம். இன்று யோசிக்கும்போது அந்த விருந்தினர் ஒன்றைச் சரியாகவே கண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. வாத்தியம் சொல்லைச் சொல்லாவிட்டாலும் சபைக்குச் சொல் கேட்கும். பாடலைத் தெரிவு செய்யும் ஆசிரியை அதன் சொற்களையும் சேர்த்தே தெரிவு செய்கிறார். ஆனால் மீன் விற்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்களில் எத்தனை பேரின் பாடசாலைக் கட்டணம் அந்த மீனிலிருந்து வந்தது!

தெரிவு செய்யும்போது

பிற்காலத்தில் ஆசிரியையாகிச் சிறிய குழுக்களைப் பழக்கியபோது நான் கற்றவற்றை, இன்று பிள்ளைகளைப் பழக்கும் தங்கைமாருக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, சுருதி. கிற்றார்காரருக்கு ஈ சுருதி கைக்கு இதமானது. அதே பாட்டை அப்படியே எடுத்தால் ட்ரம்பெட் பிள்ளைக்கு ஆறு ஷார்ப், அல்ட்டோ சக்ஸபோன் பிள்ளைக்கு ஏழு ஷார்ப். முதல் வாரமே அழுதுவிடுவார்கள். பாட்டை எஃப் சுருதிக்கு ஏற்றினால் ட்ரம்பெட்டுக்கு ஒன்று, சக்ஸபோனுக்கு இரண்டு மட்டுமே வரும்.

இரண்டாவது, மூச்சு. பொப் பாட்டில் பாடகர் ஒரே சுரத்தில் பல சொற்களை அடுக்குவார். சொல் போனபின் அது ட்ரம்பெட்டில் ஒரே சுரம் பத்துத் தடவை ஒலிப்பதாக முடியும். ஆகவே மெட்டைப் பங்கிட வேண்டும். ஓரடியை ட்ரம்பெட் வாசித்தால் மறுமொழியைக் கிளாரினெட் வாசிக்கட்டும். உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேளுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், வாங்குபவர்கள் பாடும்போது கொடுப்பவர் மூச்செடுப்பார். பித்தளை வாத்தியத்துக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

மூன்றாவது, அடித்தளம். ஃபங்க் இசை அளவின் முதல் எண்ணிக்கையை ஊன்றி நிற்பது, ஜேம்ஸ் பிரவுண் தம் குழுவிடம் விடாது கேட்டது அதையே. இந்த வகையில் தொடக்கக் குழுவுக்கு ஹெர்பி ஹான்கொக்கின் 1973ஆம் ஆண்டு ‘கமீலியன்’ நல்லது. இரண்டே கோர்ட், திரும்பத் திரும்ப வரும் ஒரு பேஸ் வரி, அதன்மேல் ஒவ்வொரு பிள்ளையும் தானாக நாலு அளவு வாசித்துப் பார்க்கலாம். பாடும் சொல்லே இல்லாததால் எந்த விருந்தினரின் முகமும் சுருங்காது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பைலாவை வையுங்கள். ஒன்று நாலு எண்ணிக்கை, மற்றது ஆறு. இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் தடுமாறாமல் அடிக்கும் மேளக்காரப் பிள்ளை எந்த மேடையிலும் நிற்பாள்.

கடைசியாக, கடன். மஞ்சாவிலிருந்தோ அம்பாவிலிருந்தோ ஒரு மெட்டை எடுத்தால் அது யாருடையதென்று நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள். முடிந்தால் அதைப் பாடுபவர்களை முன்வரிசைக்கு அழையுங்கள்.

தொலைந்துபோகும் தாள்கள்

வெளிநாட்டுப் பாடசாலைகளில் ஒரு பாட்டின் அமைப்பு தொலைந்தால் பதிப்பகத்துக்கு எழுதி மீண்டும் வாங்கலாம். எங்கள் குழு வாசித்தவை பெரும்பாலும் மாஸ்டர்மார் கையால் எழுதியவை. ஒரே பிரதி. கரையின் உப்புக்காற்று ட்ரம்பெட்டின் வால்வைப் பிடித்ததுபோல் அந்தத் தாள்களையும் கரையான் பிடித்தது. நான் அன்று அடித்த ‘சுராங்கனி’யின் மேளப் பகுதி என் கையில் இருக்கிறது, மற்றப் பகுதிகள் எங்கேயென்று தெரியாது.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பரீட்சைத் தாள்களுக்கிடையில், அப்படி ஒரு தாள் கிடக்கலாம். அரைத்தாள் என்றாலும் பரவாயில்லை. ஒரு படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ட்ரம்பெட் பகுதி கனடாவிலும் கிளாரினெட் பகுதி சிலாபத்திலும் இருந்தால் இரண்டையும் சேர்த்து இன்றைய பிள்ளைகளிடம் கொடுக்கலாம். நூறு வருடத்துக் கல்லூரிக்கு அதன் பாட்டு மீண்டும் கிடைக்கட்டும். மேளப் பகுதி என்னிடம் இருக்கிறது, நான் தருகிறேன்.